மூவுடல் ஓடம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

"ஆக்லாந்தில் மகன் வீட்டில் மூன்று திங்கள் தங்கி வந்தீர்களே, அங்குக் கண்டதை நம்மவர்க்குச் சொல்லுங்கள்" என்று செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்தார். கண்டவை பல. ஆயினும் குன்றுகளையும் கடற்கரைகளையும் இன்று வீட்டில் இருந்தபடியே படங்களில் கண்டுவிடலாம். படத்தில் கண்டு அறிய இயலாத ஒன்று உண்டு. அது மூன்று உடல்களை உடைய ஒரு சிறு பாய்மர ஓடம். நாங்கள் இருவரும் அதில் ஏறினோம் என்றால், எங்களை நன்கறிந்த குடியிருப்பு மக்கள் நம்பமாட்டார்கள். ஆகவே அதைப் பற்றியே பேச எண்ணினோம். இவ்வுரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். எனவே இதில் வரும் 'நாங்கள்' எங்கள் இருவரையும் குறிக்கும்.

நம்பமாட்டார்கள் என்று ஏன் சொன்னோம்? போபால் மாநகருக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. 11-ஆம் நூற்றாண்டில் போஜ மன்னன் அமைத்ததாகக் கூறப்படும் பெரிய ஏரி நம் ஊரின் அணிகலன். விருந்தினர் வந்தால் அதன் கரைக்கு அழைத்துச் செல்லாத குடும்பம் நம்மிடையே இல்லை. நாங்களும் சென்றதுண்டு. ஆனால் நீரிலிருந்து பத்தடி தள்ளியே நிற்போம். பிள்ளையின் கையை இறுகப் பற்றிக்கொண்டு நிற்போம். எங்களுள் ஒருவர், ஒன்பது வயதில், ஓர் ஆடிப்பெருக்கு நாளில், தாம் கைப்பிடித்து அழைத்துச் சென்ற தம்பியைக் காவிரியில் பறிகொடுத்தவர். அன்று நழுவிய கையின் நினைவு அகலவில்லை. அதனால் எங்கள் மகன் ஏரி உள்ள ஊரில் வளர்ந்தும் நீச்சல் அறியாமலே வளர்ந்தான். முப்பத்தொன்றாம் வயதில், அயல்நாட்டில், ஐந்து வயதுக் குழந்தைகளோடு வரிசையில் நின்று அதைக் கற்றான். இதை அவன் நகைச்சுவையாகச் சொன்னான்; எங்களுக்கு நகைக்கத் தோன்றவில்லை.

இனி, ஓடத்திற்கு வருவோம்.

'கட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல் நம் 'கட்டுமரம்' என்பதன் திரிபு என்று இம்மேடையில் எத்தனையோ முறை கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். அஃது உண்மையே. டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரங்களை அப்பெயராலேயே குறிப்பிட்டுள்ளார். இலேசான மரக்கட்டைகள் சிலவற்றைக் கயிறால் பிணைத்து, அலையின்மேல் ஏறிச் செல்வதே நம் கட்டுமரம். அதற்குக் குழிவான உடல் இல்லை. ஆதலால் நீர் புகுந்து மூழ்குவதும் இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர் நம் பரதவர். நீரை உறிஞ்சிய மரம் கனக்கும். உலர்ந்த மரமே மீண்டும் இலேசாகும். கட்டுவது கடலுக்காக, அவிழ்ப்பது மரத்திற்காக.

பின்னர் அப்பெயர் வேறொரு பொருளுக்குச் சென்று ஒட்டிக்கொண்டது. இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாக இணைத்த படகுக்கு மேனாட்டார் அதனைச் சூட்டினர். 1876-இல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரஷாஃப் என்னும் படகுச் சிற்பி அத்தகைய ஒன்றைக் கட்டி நியூயார்க்கில் நடந்த போட்டியில் ஓட்டினார். ஒற்றையுடல் படகுகளை அது எளிதில் வென்றது. வென்றதன் பயன் யாது தெரியுமா? 'இது படகே அன்று' என்பது போல அதனைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டனர்!

1940-களின் பிற்பகுதியில், உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் செட்செட் என்பவர் மூன்று உடல்கள் கொண்ட சிறு பாய்மரப் படகுகளைக் கட்டினார். நடுவில் ஒரு நீண்ட உடல். இரு பக்கமும் இரு சிறு மிதவைகள். அதற்கு அவர் 'டிரைமரான்' என்று பெயரிட்டார். 'டிரை' என்றால் மூன்று. 'மரான்' என்பது நம் மரமே. இச்சொல்லைக் கூர்ந்து நோக்குங்கள். கட்டுமரத்தில் உள்ள 'கட்டு' மறைந்துவிட்டது. 'மரம்' மட்டும் எஞ்சியது.

இங்கே ஓர் உண்மையையும் மறையாது சொல்ல வேண்டும். பெயர் நம்முடையதாயினும் வடிவம் நம்முடையதன்று. நடுவில் உடலும் இரு புறமும் மூங்கில் அல்லது மர மிதவையும் உடைய ஓடங்களைப் பாலித் தீவினரும் பிலிப்பைன்ஸ் மக்களும் நெடுங்காலமாக ஓட்டி வருகின்றனர். பாலியில் அது ஜுகுங், பிலிப்பைன்ஸில் பங்கா. ஆதலால் 'மூவுடல் ஓடமும் தமிழன் கண்டதே' என்று நாங்கள் முழங்கப் போவதில்லை. நாங்கள் சொல்ல வந்தது வேறு. அதைச் சொல்லுமுன் அவ்வோடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

மகன் வீட்டில் இருந்தது 'வெட்டா' என்னும் வகை, நியூசிலாந்திலேயே உருவானது. நீளம் 4.4 மீட்டர், அகலம் 3.5 மீட்டர். நீளத்தையும் அகலத்தையும் மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு சதுரம்! ஆனால் பாய், பாய்மரம் அனைத்தும் சேர்ந்து எடை ஏறத்தாழ 120 கிலோதான். நம் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு நிற்கும் ஸ்கூட்டரின் எடையை ஒத்தது. அதனை ஒரு சிறு சக்கர வண்டியில் வைத்து, அவனும் அவன் மகளுமாகக் கடற்கரை மணலில் இழுத்துச் சென்றுவிடுவர்.

இத்துணை இலேசான ஒன்று காற்றில் கவிழாமல் நிற்பது எவ்வாறு? பெரிய பாய்மரக் கப்பலின் அடியில் ஈயம் அல்லது இரும்பாலான கனத்த எடை தொங்கும். பாயைக் காற்றுச் சாய்க்கும். அடியிலுள்ள எடை நிமிர்த்தும். மூவுடல் ஓடத்தில் அத்தகைய எடை இல்லை. அதற்கு மாறாக அகலம் உண்டு. பேருந்து குலுங்கும்போது நாம் காலை அகட்டி ஊன்றி நிற்கிறோம் அன்றோ? அதுவே இது. காற்று வலப்புறம் சாய்த்தால் வலப்புற மிதவை நீரில் அழுந்துகிறது. அழுந்திய அளவுக்கு நீர் அதனை மேலே தள்ளுகிறது. மிதவை நடுவிலிருந்து தொலைவில் உள்ளமையால் அத்தள்ளுதலின் ஆற்றல் பன்மடங்காகிறது. துலாக்கோலின் முனையில் வைத்த சிறு கல், நடுவருகே வைத்த பெருங்கல்லை ஈடு செய்வது போல.

அகலம் நிலைப்பைத் தருகிறது. அதனால் கனத்த எடை வேண்டாமற் போகிறது. எடை இன்மையால் உடல் மெலிதாகலாம். மெலிந்த உடல் நீரை அதிகம் கிழிக்காமல், பெரிய அலையை எழுப்பாமல் நழுவிச் செல்கிறது. எனவே மெல்லிய காற்றிலும் விரைவு. ஒரு நன்மை மற்றொரு நன்மைக்கு வழிவிடும் இவ்வமைப்பு எங்களுக்கு மிகவும் பிடித்தது. நடுவிலுள்ள பலகையை மேலே இழுத்துவிட்டால் ஓடத்திற்கு முழங்கால் ஆழ நீரே போதும். கரையிலிருந்து நடந்தே ஏறலாம். குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பத்திற்கு இது சிறு வசதி அன்று.

டக்கபூனா என்னும் பகுதியில், கடற்கரைக்கு அண்மையிலேயே புபுகே என்றொரு நன்னீர் ஏரி உண்டு. பண்டை எரிமலை வாயில் நீர் நிறைந்து உண்டான ஏரி அது. தை மாதம், அங்கே கோடை. ஒரு காலை வேளையில் அங்குச் சென்றோம். மகன் குழாய் போன்ற குறுக்குக் கைகளை நடு உடலில் செருகினான். மிதவைகளை அவற்றின் முனையில் பொருத்தினான். இடையே வலையை விரித்தான். பேத்தி, வயது ஒன்பது, கயிறுகளை இழுத்து முடிச்சிட்டாள். அவள் இட்ட ஒவ்வொரு முடிச்சையும் தந்தை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். எங்கள் கவனம் ஏரியில் இல்லை, அம்முடிச்சுகளிலேயே இருந்தது. 'கட்டு' மறைந்துபோன பெயரைத் தாங்கிய ஓடத்தில், எல்லாமே கட்டில்தான் இருக்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். மிதவை எவ்வளவு உறுதியாயினும் என்? உடலையும் மிதவையையும் இணைக்கும் கைகள் தளர்ந்தால் ஓடம் மூன்று துண்டுகளாகும். காற்றின் விசையும் அலையின் விசையும் வந்து முட்டும் இடம் அவ்விணைப்பே. மூவுடல் ஓடத்தை வடிப்போர் மிகுதியும் சிந்தை செலுத்துவதும் அங்கேயே.

இவ்விணைப்பில் ஒரு பெரும் மாற்றத்தைச் செய்தவர் நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் தம் பணியைத் தொடங்கிய இயன் ஃபாரியர். அகன்ற ஓடத்திற்கு ஓர் இடர் உண்டு. சாலையில் எவ்வாறு கொண்டு செல்வது? வீட்டில் எங்கே நிறுத்துவது? குடும்பத்தார் பலர் ஆசையைக் கைவிடுவது இக்கேள்வியில்தான். ஃபாரியர் 1970-களில் மடங்கும் கைகளை உருவாக்கினார். மிதவைகள் நீரில் இருந்தபடியே மடங்கி நடு உடலோடு ஒட்டிக்கொள்ளும். 1985-இல் வெளிவந்த அவருடைய 'எஃப்-27' என்னும் ஓடம் 8.2 மீட்டர் நீளமுடையது. விரித்தால் அகலம் ஏறத்தாழ 5.8 மீட்டர், மடக்கினால் ஏறத்தாழ 2.6 மீட்டர். ஒரு குடும்பம் உறங்கி எழத்தக்க ஓடத்தைக் காரின் பின்னே கட்டி இழுத்துச் செல்ல அதனால் இயன்றது. அவர் 2017-இல் மறைந்தார். அவருடைய மடக்குக் கைகள் உலகெங்கும் விரிந்துகொண்டிருக்கின்றன.

எளிய வகைகளும் உள. அமெரிக்கரான ஜிம் பிரவுன் வடித்த 'விண்ட்ரைடர்' நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் போன்ற பிளாஸ்டிக்கால் வார்க்கப்படுவது. பாறையில் உராய்ந்தாலும் எளிதில் உடையாது. அதில் முன்னோக்கி அமர்ந்து, கால் மிதியாலேயே சுக்கானைத் திருப்பலாம். 'ஹோபி' நிறுவனத்தாரின் இருவர் ஓடத்தில், காற்று ஓய்ந்துவிட்டால் மிதிவண்டி போல மிதித்துக் கரை சேரலாம். ஒட்டுப்பலகையும் பிசினும் வாங்கி, வரைபடத்தைக் கொண்டு வீட்டிலேயே கட்டுவோரும் உளர். இவையெல்லாம் வெற்றிக் கோப்பைக்காக அன்று, ஞாயிற்றுக்கிழமைக்காகப் பிறந்தவை.

மீண்டும் ஏரிக்கரைக்கு வருவோம். காலையில் எழுந்து புளியோதரையும் தயிர்ச்சோறும் வடையும் செய்து, மூன்றடுக்குத் தூக்கில் அடைத்து, தண்ணீர்க் குடுவைகளோடு எடுத்துச் சென்றிருந்தோம். மகன் தூக்கைக் கையில் எடுத்துப் பார்த்தான். புன்னகையோடு கரையிலேயே வைத்துவிட்டான். "அம்மா, இந்த ஓடத்தைவிட ஏறுகிறவர்கள்தான் கனம். ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டர் நீரை இது விலக்கியாக வேண்டும். சுமை கூடினால் மிதவை அழுந்தும், விரைவும் போகும், பாதுகாப்பும் போகும்" என்றான். ஆகவே தூக்கும் எங்களுள் ஒருவரும் கரையில் நின்றோம். மற்றொருவர், தம்பியைப் பறிகொடுத்தவர், உயிர்க்காப்பு மேலாடை அணிந்து, கண்களை மூடிக்கொண்டு, பேத்தியின் கையைப் பற்றியபடி வலைமேல் அமர்ந்தார்.

ஓடம் அசையவே இல்லை என்பதுதான் முதல் வியப்பு. பரிசலில் ஒரு கால் வைத்தால் உலகமே ஆடுவதைக் கண்டவர்கள் நாம். இதிலோ, ஏறி அமர்ந்தபோதும் ஒரு திண்ணையில் அமர்ந்தது போலவே இருந்ததாம். "பாட்டி, கண்ணைத் திறங்கள். நாம் புறப்பட்டுவிட்டோம்" என்றாள் பேத்தி. கரை ஏற்கெனவே நூறு அடி பின்னே இருந்தது. இயந்திர ஓசை இல்லை. எண்ணெய் நாற்றம் இல்லை. நடு உடல் நீரைக் கிழிக்கும் மெல்லிய ஒலி மட்டும். அரைமணி நேரம் கழித்துத் திரும்பியபோது, கரையில் நின்ற எங்களுக்குக் கிடைத்த செய்தி ஒன்றே: "நீரைப் பார்த்தேன்." ஐம்பத்தைந்து ஆண்டுகளாகப் பாராமல் இருந்த ஒருவருக்கு அது சிறிய சொல் அன்று.

எனினும் புகழ் மட்டும் பாடிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. மூவுடல் ஓடம் நிமிர்ந்து நிற்பதில் எவ்வளவு உறுதியோ, கவிழ்ந்து கிடப்பதிலும் அவ்வளவு உறுதி. அடியில் எடை கட்டிய படகு சாய்ந்தாலும் எடையால் மீண்டும் எழும். அகலத்தை நம்பிய ஓடம் ஓர் எல்லைக்குமேல் சாய்ந்துவிட்டால், அந்த அகலமே அதைத் தலைகீழாக நிலைநிறுத்திவிடும். அது மூழ்காது, பற்றிக்கொண்டு மிதக்கலாம். சிறிய வகைகளைப் பயின்றவர் மீண்டும் நிமிர்த்திவிடுவர். ஆனால் பயின்றிருக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. பாய்மரம் எதுவும் காற்றுக்கு நேர் எதிரே செல்ல இயலாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறிச் செல்ல வேண்டும். அவ்வாறு திரும்பும்போது, இலேசான ஓடம் ஓட்டத்தை விரைவில் இழந்துவிடும். மூன்று உடல்களும் திரும்ப வேண்டுமாதலால் நடுவில் நின்றுவிடுவதும் உண்டு. போதிய ஓட்டத்தோடு திருப்பத்தில் நுழையக் கற்க வேண்டும்.

ஆர்தர் பைவர் என்னும் அமெரிக்கரை இங்கு நினைவுகூர்தல் தகும். ஒட்டுப்பலகையால் எளியோரும் கட்டத்தக்க மூவுடல் ஓடங்களை வரைந்து பரப்பியவர் அவர். 1960-இல் தாமே கட்டிய ஏறத்தாழ 9 மீட்டர் ஓடத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து காட்டினார். ஆயிரக்கணக்கானோர்க்கு அது ஊக்கம் தந்தது. அவரே 1968-இல் கலிபோர்னியாவை ஒட்டிய கடலில் மற்றொரு மூவுடல் ஓடத்தில் தனியே சென்று, திரும்பவில்லை. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கடலை எவரும் வென்று முடித்துவிடுவதில்லை என்பதற்காகச் சொன்னோம்.

அதனை நாங்கள் நேரிலும் சிறிது உணர்ந்தோம். இரண்டு கிழமை கழித்து, டக்கபூனாக் கடற்கரையிலிருந்து புறப்பட்டோம். எதிரே ரங்கிட்டோட்டோ எரிமலைத் தீவு, கவிழ்த்த தாம்பாளம் போலத் தெரிந்தது. இம்முறை முன்பு கரையில் நின்றவர் ஏறினார். சுக்கான் மகன் கையில், பேத்தி நடுவில், பெரிய பாயின் கயிறு எங்களுள் அவ்விருந்தினர் கையில். "பாய் உங்கள் பொறுப்பு, தாத்தா" என்றாள் அவள். பெருமிதத்தோடு கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அமர்ந்தார். அலைகளின் முகட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தோன்றியது. காற்று மணிக்கு இருபது கிலோமீட்டரை நெருங்கும்போது அவ்வாறு தோன்றும். வெண்ணுரை எங்கும் பரவினால் பாயைச் சுருக்க வேண்டும் அல்லது கரை திரும்ப வேண்டும் என்று மகன் சொல்லியிருந்தான்.

திடீரென ஒரு காற்று வந்து அறைந்தது. காற்று ஒதுங்கும் பக்கத்து மிதவை முனையிலிருந்து நீருக்குள் இறங்கத் தொடங்கியது. எதிர்ப்பக்க மிதவை நீரைவிட்டு எழுந்தது. அந்நிலையில் மனிதன் இயல்பாகச் செய்வது யாது? கையில் உள்ளதை இறுகப் பிடிப்பதே. அதையே அவரும் செய்தார். இறுகப் பிடிக்கப் பிடிக்கப் பாய் காற்றை முழுதும் வாங்கியது. ஓடம் மேலும் சாய்ந்தது. "தாத்தா, விடுங்கள்! கயிற்றை விடுங்கள்!" என்று பேத்தி கூவினாள். கையைச் சுற்றியிருந்த கயிறு உடனே விடவில்லை. ஒரு நொடி, அல்லது இரண்டு. சுற்றை உதறி விட்டதும் பாய் கொடி போலப் படபடத்தது, மிதவை மேலெழுந்தது, ஓடம் நிமிர்ந்தது. ஒருவரும் பேசவில்லை. பின்னர் மகன் மெல்லச் சொன்னான்: "அப்பா, பாய்க்கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது என்று நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்." பிழை எங்களுடையது, பொறுப்பை அவன் ஏற்றுக்கொண்டான்.

அன்றிரவு நாங்கள் இருவரும் நெடுநேரம் உறங்கவில்லை. கையை விட்டதால் ஒரு தம்பியை இழந்தவர் ஒருவர். கையை விடாததால் ஒரு பேத்தியை இடரில் ஆழ்த்த இருந்தவர் மற்றொருவர். கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. அவிழ்க்கவும் தெரிய வேண்டும். எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பதை அச்சம் கற்பிக்காது, பயிற்சியே கற்பிக்கும். அந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு அது தெரிந்திருந்தது, கற்பித்திருந்தார்கள் என்பதால். எங்கள் மகனுக்கு ஒன்பது வயதில் அது தெரியாது, நாங்கள் இறுகப் பிடித்து வைத்திருந்தோம் என்பதால். பிள்ளைகளை நீரிலிருந்து காப்பதாக எண்ணி, நீரை அறியாதவர்களாக ஆக்கினோம். நீரை அறியாதவனுக்கே நீரில் ஆபத்து மிகுதி.

அன்பர்களே, நாங்கள் சொல்ல வந்தது இதுவே. மேனாட்டார் பெயரில் 'கட்டு' என்பதை விட்டு 'மரம்' என்பதை வைத்துக்கொண்டனர். ஆயினும் செயலில் கட்டை மறக்கவில்லை. நாமோ முழுச் சொல்லையும் பெருமையாக வைத்துக்கொண்டோம். அச்சொல்லுக்குரிய திறனை வைத்துக்கொள்ளவில்லை. கட்டுமரத்தை நம் முன்னோர் கடலில் விட்டனர் என்று முழங்குகிறோம். விட்டவர்கள் கடற்கரைப் பரதவர். நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் கரையில் நின்று மீன் வாங்கியவர்கள், அதுவும் இல்லாதவர்கள். இன்று அப்பரதவரின் குப்பங்களிலும் கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. சொல்லின் பெருமையில் நாம் பங்கு கேட்பதானால், அவர்களுடைய திறனில் ஒரு சிறு பகுதியையேனும் கற்றுவிட்டுக் கேட்பது முறை.

ஆளுக்கொரு மூவுடல் ஓடம் வாங்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் பெரிய ஏரி ஊருக்குக் குடிநீர் தரும் ஏரி. 2002 முதல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் போற்றப்படும் ஈரநிலம். அதில் எதை மிதக்க விடுவதாயினும் உரியவர் இசைவு வேண்டும். எனினும் அவ்வேரியிலேயே அரசின் நீர் விளையாட்டுப் பயிற்சியகம் இயங்குகிறது. இளைஞர் அங்கே பாய்மரம் பயில்வதை நாம் கரையில் நின்று வேர்க்கடலை உண்டபடி எத்தனையோ மாலைகளில் பார்த்திருக்கிறோம். அவர்களுள் நம் குடியிருப்புப் பிள்ளை ஒருவரேனும் உண்டா என்று எண்ணிப் பாருங்கள்.

படிகள் எளியவை. முதற்படி நீச்சல். அடுத்தது, உயிர்க்காப்பு மேலாடையை அணிந்தாலன்றிப் படகில் கால் வைப்பதில்லை என்னும் உறுதி. நீச்சல் அறிந்தவர்க்கும் அது பொருந்தும். அதன்பின், படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தப் புறப்படாமல் படகையே பற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்னும் அறிவு. எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதைக் கரையில் உள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்லும் பழக்கம். இவ்வளவும் கைவந்த பின்னர், ஒட்டுப்பலகையும் பிசினும் கொண்டு நம் இளைஞர் தாமே ஒரு சிறு மூவுடல் ஓடம் கட்ட விழைந்தால், எங்கள் வீட்டு முற்றம் அவர்களுக்கு உண்டு. மூன்றரை மீட்டர் அகலம், அளந்து பார்த்துவிட்டோம்.

வரும் கோடை விடுமுறையில் சங்கத்தின் சார்பில் ஒரு நீச்சல் வகுப்பு நடத்தும்படி செயற்குழுவினரை வேண்டிக்கொள்கிறோம். பெரியவர்களும் சேரலாம் என்று அறிவிக்க வேண்டும். பெயர்ப் பட்டியலுக்கென ஒரு குறிப்பேடு வாயிலில், சந்தனக் கிண்ணத்தின் அருகே வைக்கப்பட்டுள்ளது. விழா தொடங்குமுன்பே அதில் முதற்பெயர் எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் எங்களுள் ஒருவர்; அகவை அறுபத்து நான்கு; பிறந்த ஊர் காவிரிக்கரை. இரண்டாம் பெயருக்கு உரியவரும் அவர் பின்னாலேயே நின்றிருந்தார்.

மூன்றாம் இடம் காலியாக உள்ளது. எவருடைய பிள்ளையின் பெயர் அதில் வரப்போகிறது என்று காண ஆவலாக இருக்கிறோம்.